ஒண்டோ ஏழோ: ஊரில் காணி வாங்கப் போன கதை

லண்டனில் ஒரு வீடு யாருடைய பெயரில் இருக்கிறது என்று பார்க்க 7 பவுண் கட்டினால் போதும். கட்டிலில் படுத்திருந்தபடியே போனில் பார்த்துவிடலாம். ஊரில் அதே விசயத்துக்கு நான் ஒரு மரக் கவுண்டருக்கு முன்னால் நின்று, ஓர் இலக்கம் ஒன்றா ஏழா என்று ஒரு பிள்ளையோடு முழுக் காலையும் மல்லுக்கட்டினேன். இந்த முறைப் பயணத்தில் மற்றதெல்லாம் நல்லபடி நடந்தது. நல்லூர், கசூரினா, கலியாண வீடு, ஒடியல் கூழ் என்று எதைப் பற்றியும் எழுத எனக்கு மனமில்லை. அந்த இலக்கத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் சின்னதாய் ஒரு காணி வாங்கி, கடைசிக் காலத்தில் மாரிக்கு அங்கேயும் கோடைக்கு இங்கேயுமாக இருக்கலாம் என்பது நெடுநாள் யோசனை. ஊரின் பெயர் வேண்டாம், யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஓர் ஊர். இரட்டைப் பிரஜாவுரிமை ஏற்கெனவே எடுத்துவிட்டேன். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் மட்டும் வைத்திருப்பவர்கள் இலங்கையில் காணி வாங்க முடியாது என்று 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. தாய் தகப்பனின் காணி உரித்தாக வருவது வேறு கதை, அதற்குத் தடை இல்லை. இது தெரிந்தும் எங்கள் ஆட்கள் பலர் மச்சானின் பெயரிலும் பெறாமகனின் பெயரிலும் காணி வாங்கிப் போடுகிறார்கள். அந்த மச்சான் நல்லவராகவே இருக்கட்டும், அவருக்குப் பிறகு அவருடைய பிள்ளைகளுக்கு உங்களை யார் என்று தெரியுமா? இதைப் பற்றித் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும்.

சரி, தரகர். நல்ல மனுசன் மாதிரித்தான் இருந்தார். மோட்டார்சைக்கிளில் வந்து, அக்கா போட்ட தேத்தண்ணியைக் குடித்து, எங்கள் அப்புவை எல்லாம் விசாரித்துவிட்டு, ஒரு பிளாஸ்ரிக் உறையில் இருந்து காணி உறுதியின், அதாவது பத்திரத்தின், போட்டோக்கொப்பியை எடுத்தார். இரண்டரைப் பரப்பு. ஒழுங்கையோடு சேர்ந்த காணி, நல்ல தண்ணிக் கிணற்றில் பங்கு, வழி வாய்க்கால் உரிமை, நான்கு திசைக்கும் எல்லை எல்லாம் முறையாக எழுதியிருந்தது. 1974இல் ஒருவர் அறுதியாக வாங்கிய உறுதி. அவர் காலமாகிவிட்டார், மகன் விற்கிறார். “அப்பு ஆருக்கும் எழுதி வைக்கேல்லை அண்ணை. தங்கச்சிக்கு வேறை காணி சீதனமாக் குடுத்தாச்சு. உறுதி கிளியர்” என்றார் தரகர். மூல உறுதி எங்கே என்று கேட்டேன். மகன் வவுனியாவில் வைத்திருக்கிறாராம், உறுதி முடிக்கிற அன்றைக்குக் கொண்டுவருவாராம். இப்போதைக்கு ஐந்து லட்சம் அட்வான்ஸ் கொடுத்தால் வேறு ஆளுக்குச் சொல்லாமல் வைத்திருப்பாராம். சுவிசில் இருந்து ஒரு பார்ட்டி காசோடு நிற்கிறதாம். இந்தச் சுவிஸ் பார்ட்டியை நான் மூன்று வெவ்வேறு காணிகளில் சந்தித்திருக்கிறேன், இன்னும் முகத்தைப் பார்த்ததில்லை.

தோம்பு, அதாவது காணிப் பதிவகத்தின் பதிவேடு, பார்க்காமல் ஒரு சதமும் தரமாட்டேன் என்று சொன்னேன். வழக்கமாக இது நமக்கு உறுதி எழுதும் நொத்தாரிசின் கிளாக்கர் செய்கிற வேலை. எங்கள் கிளாக்கர் ஐயாவுக்கு அந்தக் கிழமை கண் ஒப்பரேசன். பார்த்தேன், நானே போனால் என்ன? லண்டனில் வங்கியில் இருபது வருடமாகப் பத்திரங்களோடுதானே குடும்பம் நடத்துகிறேன்.

காணிப் பதிவகக் கந்தோரில் அதே பழைய வாசம். துணிக்கட்டுப் போட்ட பெரிய பெரிய தொகுதிகள், மூலைகள் தேய்ந்து அட்டை தெரிகிறது. விண்ணப்பப் படிவத்தை எதிரே இருக்கிற போட்டோக்கொப்பிக் கடையில் வாங்கி நிரப்பி நீட்டினேன். உறுதியின் ஓரத்தில் பதிவு முத்திரைக்குள் கையால் எழுதியிருந்த தொகுதி இலக்கமும் பக்க இலக்கமும்தான் முக்கியம். தரகர் தன் தாளில் 47/137 என்று எழுதித் தந்திருந்தார். நானும் அதையே எழுதினேன்.

கவுண்டரில் இருந்த பிள்ளை படிவத்தைப் பார்த்தது, கொப்பியைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது.

“ஐயா, இது ஒண்டோ ஏழோ?”

“ஏழு, தங்கச்சி.”

“எனக்கு ஒண்டு மாதிரியும் கிடக்கு. நீங்கள் வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ.”

“அப்ப ரெண்டையும் பாருங்கோவன்.”

“ஒரு படிவத்துக்கு ஒரு பக்கந்தான் ஐயா. 41 பாக்கிறதெண்டால் வேறை படிவம், வேறை காசு.”

எனக்கு ஏறிவிட்டது. காசு பெரிய காசில்லை, அது கதையும் இல்லை. ஆனால் அந்த இரண்டு தொகுதிகளும் அவளுக்குப் பின்னால் ஒரே அலுமாரியில் இருக்கின்றன. கையை நீட்டினால் எடுக்கலாம். லண்டனில் இப்படி ஒரு இழுபறி நடந்தால் மனேஜரைக் கூப்பிடுவேன் என்று மனதுக்குள் ஆங்கிலத்தில் ஒரு முறைப்பாட்டுக் கடிதமே எழுதிவிட்டேன். பின்னால் நின்ற ஒரு வயதான ஐயா, “தம்பி, அந்தப் பிள்ளை சரியாத்தான் கேக்குது, உறுதியைத் திருப்பிப் பாருங்கோ” என்று வேறு சொன்னார். ஊரில் வரிசையில் நிற்கிறவர்களுக்கும் உங்கள் கோப்பில் பங்கு உண்டு.

கடைசியில் ஏழுக்கே காசு கட்டினேன். அரை மணித்தியாலத்தில் தொகுதி வந்தது. 137ஆம் பக்கத்தில் இருந்தது வேறு ஊரில் ஒரு தென்னங்காணி. பெயர், விஸ்தீரணம், எல்லை, எதுவுமே எங்களுடையது இல்லை. அடுத்த படிவம் வாங்கலாம் என்று வெளியே போய் வருவதற்குள் சாப்பாட்டு நேரம். பிறகு போனால் பொறுப்பானவர் கூட்டத்துக்குப் போய்விட்டார். “நாளைக்கு வாங்கோ.”

தரகருக்கு போன் அடித்தேன். அவர் தயங்கவே இல்லை. “அண்ணை, சண்டைக்குள்ளை புத்தகங்கள் எல்லாம் மாறிப்போச்சுது. கனபேருக்கு இப்பிடித்தான். நீங்கள் வெளிநாட்டிலை இருந்ததாலை தெரியாது. உறுதி இருக்குத்தானே, பிறகென்ன?” என்றார். இந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் நம்பும்படி இருந்தது. அதுதான் ஆபத்து. எங்கள் ஊரில் எதைக் காணவில்லை என்றாலும் சண்டையில் போனது என்று சொல்லிவிடலாம், கேட்கிறவருக்கு மறுக்க வாய் வராது. நாங்களே அப்படி எத்தனையை விட்டுவிட்டு வந்தவர்கள்.

அடுத்த நாள் அதே கவுண்டர், அதே பிள்ளை. 41/137 என்று எழுதிக் கொடுத்தேன். தொகுதி வந்தது. பக்கத்தின் தலையிலேயே காணியின் பெயர், எங்கள் ஊர்ப் பெயர், இரண்டரைப் பரப்பு. கீழே வரிசையாகப் பதிவுகள். 1974 அறுதி உறுதி, வாங்கியவர் பெயர் சரி, நொத்தாரிசு பெயர் சரி. அதற்குக் கீழே இன்னொரு வரி: 1991, நன்கொடை உறுதி, தகப்பனிடமிருந்து மகளுக்கு, முழுக் காணியும். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அதாவது, விற்க வந்த அண்ணனின் தங்கச்சிக்கு அந்தக் காணியையே தகப்பன் 1991இல் சீதனமாக எழுதிவிட்டார்.

பிள்ளை என் கொப்பியை வாங்கி யன்னலடியில் பிடித்துப் பார்த்தது. முத்திரைக்குள் இருந்த மற்ற எழுத்துகள் எல்லாம் ஐம்பது வருட மை. கொப்பியில்கூடச் சாம்பல் நிறமாக மங்கித் தெரிந்தன. ஏழின் தலைக்கோடு மட்டும் கன்னங்கரேலென்று நின்றது. ஒன்றின் தலையில் ஒரு சின்னக் கோடு. அவ்வளவுதான் வேலை. தோம்பு பார்க்கப் போகிறவன் வேறு பக்கத்தைப் பார்த்துவிட்டு, சண்டையில் மாறியிருக்கும் என்று தலையாட்டிக்கொண்டு வரவேண்டும். “நேற்றே சொன்னனான் ஐயா” என்றது பிள்ளை. ஓம், சொன்னது. இருந்தாலும் ஒரு படிவத்துக்கு ஒரு பக்கம் என்ற விதியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதே பிள்ளை முதல் நாளே இரண்டையும் பார்த்திருந்தால் எனக்கு ஒரு நாளும் அரை லீற்றர் வியர்வையும் மிச்சம்.

வீட்டுக்கு வந்து அத்தானிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “வா, அந்த ஒழுங்கைக்குப் போவம்” என்றார். காணிக்குத் தெற்கு எல்லையில் ஓர் அம்மா குடியிருக்கிறா. முற்றம் கூட்டிக்கொண்டு நின்றா. அத்தான் விசயத்தைச் சுற்றி வளைத்துத் தொடங்குவதற்குள், “இதோ? இது பெட்டைக்குக் குடுத்த காணியெல்லே. அவள் கனடாவிலை. தமையன் விக்கப் போறானாமோ?” என்றா. இரண்டு நிமிடம் ஆகவில்லை. ஊருக்கே தெரிந்திருக்கிறது. ஏன் முதலே சொல்லவில்லை என்று அத்தான் கேட்டார். “நீங்கள் கேக்கேல்லையே தம்பி” என்றா. அக்கா வீடு அங்கிருந்து நான்கு வேலி தள்ளி!

இந்த வகை ஏமாற்றில் உறுதி பொய் இல்லை, அதுதான் இதன் சிறப்பு. 1974 உறுதி அசல். மூல உறுதியும் வவுனியாவில் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு இன்னொரு உறுதி எழுதியாகிவிட்டது, பழைய கடதாசி தமையனின் பெட்டிக்குள் கிடந்துவிட்டது. “மூல உறுதி கையிலை இருந்தால் காணி எங்கடை” என்று எங்கள் ஆட்கள் இன்னமும் நம்புகிறார்கள். விற்பவன் கையில் இருக்கிற கடதாசி ஒரு காலத்தில் அவர்களிடம் காணி இருந்தது என்பதற்குத்தான் சாட்சி. இன்றைக்கு யாருடையது என்று சொல்வது பதிவகத்தின் பக்கமும் பக்கத்து வளவுக்காரரின் வாயும்தான். இரண்டையும் நீங்களே, அல்லது உங்களுக்காக மட்டும் வேலை செய்கிற ஒருவர், போய்ப் பார்க்க வேண்டும். தரகர் எழுதித் தருகிற இலக்கத்தோடு போகாதீர்கள். விற்கிறவரின் நொத்தாரிசே உங்களுக்கும் எழுதட்டும், செலவு மிச்சம் என்று யாராவது சொன்னால் அந்த மிச்சத்தை விட்டுவிடுங்கள்.

அந்தப் பக்கம்கூட முழுச் சாட்சி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் பதிவகம் உரிமையையே பதிகிறது. பிழை நடந்தால் அரசே நட்டஈடு தருகிறது. இலங்கையில் வழமையான பதிவு என்பது உறுதியைப் பதிவதுதான். கொண்டுவந்த உறுதி கள்ள உறுதியாக இருந்தாலும் பார்வைக்கு ஒழுங்காக இருந்தால் அந்தப் பக்கத்தில் ஏறிவிடும். உரிமையைப் பதிகிற முறை 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது, பிம் சவிய என்று சிங்களத்தில் சொல்வார்கள். எங்கள் ஒழுங்கைக்கு இன்னும் வரவில்லை. இதற்காக லண்டனைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் வேண்டாம். 2021இல் லண்டனுக்குப் பக்கத்து லூட்டனில் ஒரு பாதிரியார் வேலை விசயமாக வெளியூரில் இருந்தபோது, யாரோ அவருடைய பெயரில் சாரதி அனுமதிப்பத்திரம் செய்து வீட்டை விற்றுவிட்டார்கள். அவர் திரும்பி வந்தபோது உள்ளே தளபாடங்களே இல்லை. அங்கேயும் கள்ளர் உண்டு, கணினியில் வருகிறார்கள். அந்த மாதிரிச் சம்பவங்களுக்காகத்தான் பதிவகம் இலவசமாக ஓர் எச்சரிக்கைச் சேவை வைத்திருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது கைவைத்தால் மின்னஞ்சல் வரும். இதை வாசிக்கிற லண்டன்காரர் எத்தனை பேர் பதிந்திருக்கிறீர்கள்?

ஆள்மாறாட்டம்தான் ஊரில் வெளிநாட்டுக்காரரின் காணிகளுக்குப் பெரிய எமன். பற்றை மண்டிய வளவு, பூட்டிய வீடு, சொந்தக்காரர் பிரான்சில். அவருடைய பெயரில் ஓர் அடையாள அட்டை, அவர் வயதில் ஓர் ஆள். அல்லது வெளிநாட்டில் இருந்து வந்ததாக ஓர் அற்றோணித் தத்துவம், அதாவது சொந்தக்காரருக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கிற கடதாசி. பழைய ஒன்பது இலக்கமும் ஒரு வி எழுத்தும் உள்ள அட்டை என்றால் இன்னும் சுகம், அதில் இருக்கிற படம் முப்பது வருடத்துக்கு முந்தியது, யார் முகத்தை யார் ஒப்பிடுவது? 1840ஆம் ஆண்டின் மோசடித் தடைச் சட்டம் காணி உறுதியை நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால்தான் முடிக்க வேண்டும் என்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், நல்ல சட்டம். ஆனால் சாட்சிக்கு வருகிற இருவரும் விற்கிறவரை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறார்கள் என்றால் அந்தச் சட்டம் என்ன செய்யும்? அற்றோணியைக் காட்டி யாராவது விற்க வந்தால், எழுதிக் கொடுத்தவரோடு வீடியோவில் கதையுங்கள். அவரைத் தெரிந்த ஓர் உறவுக்காரரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கதையுங்கள். அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதும் சேர்த்துத் தெரியும், ஏனென்றால் எழுதியவர் செத்தால் தத்துவமும் செத்துவிடும்.

அப்புறம் தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம். இதைக் கொழும்புச் சட்டத்தரணியிடம் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார், ஊரில் கேளுங்கள். தேசவழமைக்கு உட்பட்ட கலியாணம் கட்டிய பெண் தன் சீதனக் காணியை விற்பதற்கும் புருசனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். 2026இல் இது என்ன நியாயம் என்று என் மகள் கேட்கிறாள், என்னிடமும் பதில் இல்லை. ஆனால் அந்தச் சம்மதம் இல்லாத உறுதியை வாங்கினால் பிறகு கோட்டுக்கு நடக்கப் போவது நீங்கள். பிரிபடாத பங்கு என்றால் மற்றப் பங்காளிகளுக்கு முதலில் கேட்கிற உரிமையும் இருக்கிறது. அவர்களுக்கு அறிவித்தார்களா என்று பார்க்காமல் வாங்கினால் வீடு கட்டி முடிகிற நேரம் பார்த்து ஒரு சித்தப்பா வருவார்.

உறுதியில் விலையைக் குறைத்துப் போடுவோம் என்பார்கள். முத்திரை வரி முதல் லட்சத்துக்கு மூன்று வீதம், மிச்சத்துக்கு நான்கு வீதம், அதை மிச்சம் பிடிக்கத்தான். பிறகு ஏதும் பிழைத்தால் நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எதை வைத்துக் காட்டுவீர்கள்? வங்கி ஊடாக முழுத் தொகையும் போகட்டும்.

கனடாவில் இருக்கிற அந்தத் தங்கச்சியின் இலக்கத்தைத் தெற்கு எல்லை அம்மாவே தந்தா. போன் எடுத்தேன். முதலில் என்னையே கள்ளன் என்று நினைத்து வைத்துவிட்டா, அதுவும் சரிதான். அக்கா பேசிய பிறகு கேட்டா. தமையன் இப்படிச் செய்வாரா என்று கேட்கவில்லை, எந்தத் தரகர் என்றுதான் கேட்டா. காணி விற்கிற யோசனை அவவுக்கு இல்லை. எங்கள் நொத்தாரிசு ஒரு வழி சொன்னார்: பதிவகத்தில் அந்தப் பக்கத்துக்கு ஒரு கேவியட் போட்டு வைத்தால், யாராவது உறுதி பதிய வரும்போது அவவுக்கு அறிவித்தல் போகும். லண்டன் மின்னஞ்சலின் ஊர்ப் பதிப்பு, தபாலில் வரும். அதற்கான கடதாசிகளை அவ கனடாவிலிருந்தே தயார் செய்கிறா.

காணிக்கு உள்ளூராட்சிச் சபைக்குக் கட்டுகிற சோலைவரி எத்தனையோ வருடமாகக் கட்டவில்லையாம், யாராவது கட்டிவிட முடியுமா என்றும் கேட்டா. நான் போக மாட்டேன் என்றுவிட்டேன், இன்னொரு கவுண்டருக்கு என்னிடம் பொறுமை இல்லை. அத்தான் போனார். பத்து நிமிடத்தில் நிலுவையைப் பார்த்து, காசு வாங்கி, அவவின் பெயரில் பற்றுச்சீட்டும் கொடுத்துவிட்டார்களாம். படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார். அவவிடமிருந்து உடனே பதில் வந்தது: வேலி அடைக்க எவ்வளவு காசு முடியும், கம்பியா மதிலா, ஆள் பிடித்துத் தருவீர்களா என்று.